ஜுஃபேரில் நீலத் துணியோடு போன 660 தினார்

பஹ்ரைனில் ஜுஃபேர் பக்கம் எம்பிராய்டரி மெஷின் போட்டுத் தொழில் பண்ணலாம் என்று யோசிக்கிற நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 2019-ல் எனக்கு நடந்ததை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வெளியே தெரிந்தால் கடைக்குக் கெட்ட பேர் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். இதே தெருவில் எனக்கு முன்னால் இருந்த கடைக்காரர்கள் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் கணக்கு வழக்கோடு கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஜுஃபேர் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் ஐந்தாவது கப்பற்படைக்குத் தலைமையகம் 1995-லிருந்து இங்கேதான். அந்தப் படைத்தளத்தின் (நாங்கள் 'பேஸ்' என்போம்) வாசலுக்கு வெளியே, எல்லோரும் 'அமெரிக்கன் ஆலி' என்று சொல்லும் ஷபாப் அவென்யூவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தையல் கடை, சலவைக் கடை, பேட்ச் போடும் கடை என்று வரிசையாக இருக்கும். பேஸுக்குள் இருக்கிறவர்களில் எங்களுக்கு நல்ல வாடிக்கை தளவாடப் பிரிவு ஆட்கள். கடலில் நிற்கும் கப்பலுக்கு எண்ணெய், சாப்பாட்டுச் சாமான், உதிரிபாகம், தபால் எல்லாம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. டாஸ்க் ஃபோர்ஸ் 53 என்பது இந்த வேலைக்கான படைப்பிரிவு. அதோடு, சில மாதங்களுக்கு மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்து சரக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் சிறு அணிகளும் உண்டு. புதிதாக ஓர் அணி இறங்கினால் புதுப் பேட்ச் வேண்டும், கிளம்பும்போது நினைவுப் பலகை வேண்டும். வியாழன் சாயங்காலம் கடையில் நிற்க இடமிருக்காது.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு புரோக்கர் வந்தார். பேஸுக்குள் போக பாஸ் வைத்திருந்தார். நம்மிடம் இல்லாதது அதுதான். "அண்ணாச்சி, பெரிய ஆர்டர் ஒண்ணு இருக்கு. தளவாட டீம், 120 பேர். வேற கடைக்குப் போக வேண்டாம்னு உங்ககிட்ட கொண்டாந்தேன்" என்றார். ஆளுக்கு இரண்டு செட் பெயர்ப்பட்டை, இரண்டு செட் 'யு.எஸ். நேவி' பட்டை, காலரில் வைக்கும் பதவிச் சின்னம் ஜோடி ஜோடியாக, அப்புறம் தோளில் ஒட்டும் அணிப் பேட்ச் முந்நூறு. மொத்த பில் 1,480 தினார். எங்கள் கடைக்கு அது இரண்டு மாத வருமானம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பட்டைக்கான துணியை அவரிடம்தான் வாங்க வேண்டும், "மத்த துணியில தைச்சா இன்ஸ்பெக்‌ஷன்ல ரிஜெக்ட் ஆயிரும்" என்றார். கடற்படையின் புள்ளி டிசைன் துணியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால் பேச்சு நியாயமாகத்தான் பட்டது. நீலப் புள்ளித் துணி ரோல் 310 தினார், ரொக்கம். அட்வான்ஸாக எனக்கு 100 தினார் கொடுத்தார். வாங்கியது 100, கொடுத்தது 310. இதை இப்போது எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

வேலையை ரசித்துத்தான் செய்தேன், பொய் சொல்லக்கூடாது. நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் தொழில் படித்தவன். இந்தச் சின்னங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருப்பது அப்போதுதான் புரிந்தது. நம்ம ஊரில் தங்கம்தான் மேலே, வெள்ளி கீழே. இவர்களிடம் தலைகீழ். ஒற்றைத் தங்கப் பட்டி போட்டவர் என்சைன், ஆரம்பப் பதவி. அதே பட்டி வெள்ளியில் இருந்தால் அடுத்த படி. இரண்டு வெள்ளிப் பட்டி சேர்ந்தால் லெஃப்டினன்ட். அதற்கு மேலே தங்க ஓக் இலை என்றால் லெஃப்டினன்ட் கமாண்டர், வெள்ளி ஓக் இலை என்றால் கமாண்டர். இதில் இன்னொரு குழப்பம், சப்ளை கோர் எனப்படும் தளவாட அதிகாரிகளின் சொந்தச் சின்னமும் ஓக் இலைதான். மூன்று இலையும் மூன்று காயும் சேர்ந்த கொப்பு. காக்கி உடுப்பில் வலது காலரில் பதவி, இடது காலரில் இந்தக் கொப்பு. அதனால் ஒரு தளவாட லெஃப்டினன்ட் கமாண்டருக்கு இரண்டு காலரிலும் ஓக் இலை இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு. பஞ்சிங் போடும், அதாவது டிசைனை மெஷினுக்கான ஃபைலாக மாற்றும் பையனுக்கு இதைச் சொல்லவில்லை என்றால் ஒரே ஃபைலை இரண்டுக்கும் ஓட்டிவிடுவான். அந்தக் கொப்பைப் பார்த்தால் இறைச்சித் துண்டு மாதிரி இருக்கிறதாம், அதனால் தளவாட அதிகாரிகளை அவர்களே 'போர்க் சாப்' என்று கூப்பிடுவார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் பெஷாவர்க்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். அவரிடம் மட்டும் இந்தப் பேரைச் சொல்லாமல் 'இலை டிசைன்' என்றே வைத்துக்கொண்டோம்.

கீழ்ப்பதவிக்காரர்களுக்கு வி வடிவக் கோடும் மேலே கழுகும். ஒரு கோடு மூன்றாம் நிலை, மூன்று கோடு முதல் நிலை. அவர்களில் மூத்தவரான சீஃப் ஆனால் சங்கிலி சுற்றிய தங்க நங்கூரம். பெயர்ப்பட்டை எழுத்திலும் நிறம் உண்டு, நீல உடுப்பில் சீஃபுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் தங்க நூல், மற்றவர்களுக்கு வெள்ளி நூல். பட்டியலில் யார் எந்தப் பதவி என்று பார்த்துப் பார்த்து நூலை மாற்றினோம். அணிப் பேட்ச்சில் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள் இருந்தன. அது பழைய ஸ்டோர் கீப்பர்களின் சின்னம். 2009-ல் ஸ்டோர் கீப்பரையும் தபால் கிளார்க்கையும் சேர்த்து லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று ஒரே பிரிவாக்கிவிட்டார்கள், ஆனாலும் அணிகளின் பேட்ச்சில் சாவி வந்துகொண்டேதான் இருக்கிறது.

எங்கள் மெஷின் மட்டும் போதாமல் வெளியே ஒரு பல தலை மெஷினை ராத்திரி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். இரண்டு பேருக்கு ஓவர்டைம். எல்லாம் முடிந்ததும் புரோக்கர் வந்தார், தோள் பேட்ச் முந்நூறையும் எண்ணி வாங்கினார். "பட்டை எல்லாம் இங்கயே இருக்கட்டும் அண்ணாச்சி, டீம் ஆளே வந்து பேர் சரிபார்த்து எடுத்துக்கிடுவாங்க, அப்பவே மொத்த காசும் வந்துரும்" என்றார். சரி என்று விட்டேன். ஆள் வரவில்லை. ஃபோன் பண்ணினால் 'டீம் கடலில் இருக்கிறது' என்பார், அடுத்த தடவை 'சார் லீவில் போயிருக்கிறார்' என்பார். அப்புறம் எடுப்பதே இல்லை.

உண்மை தெரிந்தது வேறு வழியில். பேன்ட் உயரம் குறைக்க ஒரு பெண் வந்தார், நெஞ்சில் இரண்டு கோட்டுச் சின்னம். பச்சைப் புள்ளி உடுப்பு. தோள் பாக்கெட்டில் நாங்கள் போட்ட பேட்ச்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'உங்கள் பட்டை எல்லாம் ரெடியாக இருக்கிறது, எப்போது எடுத்துக்கொள்வீர்கள்' என்று பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு பட்டையை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். முகம் மாறியது. இதில் ஒரு பேர்கூட எங்கள் ஆள் இல்லை என்றார். பட்டியலில் இருந்தது ஏற்கனவே ஊருக்குப் போய்விட்ட ஏதோ ஒரு பழைய அணியின் பெயர்கள். தோள் பேட்ச்சுக்குத் தலைக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்து, அந்தப் பேட்ச்சை வாங்கிய அன்றே புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். நீலப் பட்டையை யாரும் கேட்கவே இல்லை. கேட்கவும் முடியாது, வந்த அத்தனை பேரும் பச்சையில்தான் வந்திறங்கினார்கள்.

அவர் பொறுமையாக விளக்கினார், நானும் பிறகு தேடிப் படித்தேன். அந்த நீல உடுப்பு 2008 வாக்கில் வந்தது. அவர்களே 'புளூபெர்ரி' என்று கிண்டல் பண்ணுவார்களாம். கடல் நிறத்தில் உடுப்புப் போட்டால் தண்ணீரில் விழுந்தவனைத்தான் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்று ஒரு நகைச்சுவை. பாதி நைலான், பாதி பருத்தி. 2012-ல் கடற்படையே சோதித்தபோது தீப்பிடித்தால் நன்றாக எரிந்து உருகுகிறது என்று தெரிந்தது. 2016 அக்டோபர் 1 முதல் கரையில் பச்சை உடுப்பு போடலாம் என்றார்கள், 2019 அக்டோபர் 1-க்குள் நீலம் அடியோடு போக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். புரோக்கர் என்னிடம் அந்த ரோலைத் தள்ளிவிட்டது கெடுவுக்கு மூன்று, நான்கு மாதம் முன்னால். எங்கோ தேங்கிக் கிடந்த சரக்கு. துணியில் லாபம், இனாமாகக் கிடைத்த தோள் பேட்ச்சில் இன்னொரு லாபம். பட்டை ஆர்டர் என்பதே துணியை விற்கக் கட்டிய கதை.

என் கணக்கு இது: துணி 310, நூலும் தைக்கும் துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரும் வெல்க்ரோவும் 90, வெளி மெஷின் வாடகை 240, ஓவர்டைம் 120. ஆக 760. அட்வான்ஸ் 100 போக 660 தினார் கைநஷ்டம். அன்றைய மாற்றில் ஒன்றேகால் லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வரவேண்டிய லாபத்தை நான் சேர்க்கவே இல்லை. அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை, வீட்டில் கேட்டதற்கு 'வாட் வரி வந்ததில் வியாபாரம் டல்' என்று சொன்னேன். அந்த வருடம் ஜனவரியில்தான் இங்கே வாட் ஆரம்பித்திருந்தது, நல்ல சாக்கு. ராத்திரி தூக்கம் வராது. கோபத்தைவிட, அவர் என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்ட குரல்தான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இருந்ததெல்லாம் டிசைன் படமும் 'ஓகே அண்ணாச்சி'யும்தான், தொகை எங்குமே இல்லை, எல்லாம் ஃபோனிலேயே பேசியிருந்தார். வழக்குப் போட்டால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குறைந்தபட்சம் ஒரு பின்தேதிக் காசோலை கையில் இருந்திருந்தால் கதை வேறு. இங்கே பணமில்லாத காசோலை கொடுத்தால் போலீஸ் வரை போகும், அந்தப் பயத்துக்காவது பணம் வரும். அதனால்தான் இப்படிப்பட்ட ஆட்கள் காசோலை என்றாலே பேச்சை மாற்றுவார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே தெரியும்.

இனி நான் எப்படி ஆர்டர் எடுக்கிறேன் என்று சொல்கிறேன். முதல் கேள்வி, எந்த உடுப்புக்கு. இதற்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை, வாசலில் ஐந்து நிமிடம் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்தாலே போதும். பழைய நீலத்தில் பதவிச் சின்னம் காலரில் இரண்டு பக்கமும் இருக்கும். பச்சையில் நெஞ்சின் நடுவில் ஒரே ஒரு பட்டைதான். எனவே யாராவது பச்சை உடுப்பு அணிக்குக் காலர் சின்னம் ஜோடி ஜோடியாகக் கேட்டால் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். அதே மாதிரி வலது தோளில் வைக்கும் அமெரிக்கக் கொடியில் நட்சத்திரக் கட்டம் முன்பக்கம் பார்த்திருக்கும், அதாவது நம் கண்ணுக்குக் கொடி திரும்பி இருக்கும். கூகுளில் கிடைக்கும் கொடியை அப்படியே தைத்துக் கொடுத்துத் திரும்ப வந்த சரக்கை மற்ற கடைகளில் பார்த்திருக்கிறேன். உடுப்பு விதி அடிக்கடி மாறும். ஐம்பது பேட்ச்சுக்கு மேல் என்றால் ஒரு மாதிரி தைத்து, உடுப்பில் வைத்துப் படம் எடுத்து, போடப்போகிற ஆளிடமே ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மெஷினை ஓட்டுவேன். புரோக்கர் மூலம் வந்தாலும் அணியில் ஒருவரை நேரில் பார்க்காமல் நூல் கோப்பதில்லை.

இரண்டாவது, காசு யாருடையது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். பேட்ச், நினைவுப் பலகை மாதிரி ஆர்டர்களில் எங்களிடம் வருவது பெரும்பாலும் அவர்கள் சொந்தமாகத் தலைக்கு இவ்வளவு என்று போட்டுச் சேர்க்கும் பணம். அது ரொக்கம், கையோடு வரும், கடன் பேச்சே தேவையில்லை. அரசுப் பணம் என்றால் முறையே வேறு. எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒப்பந்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், சின்னத் தொகை என்றால் கொள்முதல் அட்டை வைத்திருப்பவர் அட்டையைத் தேய்க்க வேண்டும். நெஞ்சில் என்ன சின்னம் இருக்கிறது என்பதற்கும் வாங்கும் அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளி இலை போட்ட கமாண்டரே வந்து 'செய்' என்று வாயால் சொன்னாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது. நாம் சின்னத்தைப் பார்த்து மரியாதையில் வேலையைத் தொடங்கிவிடுவோம். மரியாதை கொடுங்கள், டீயும் கொடுங்கள், ஆனால் பாதிப் பணம் வந்த பிறகு தொடங்குங்கள். 'பில் பேஸுக்கு அனுப்பு, அரசு கொடுக்கும்' என்று புரோக்கர் சொன்னால், ஆர்டர் தாள் எங்கே என்று கேளுங்கள்.

டீ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. புரோக்கர் என்னிடம் 'பெரிய சாருக்கு ஒரு பலகை இனாமாப் போடுங்க' என்றும் கேட்டார், நல்லவேளை மரம் வர லேட்டாகி அது நின்றுபோனது. அமெரிக்க அரசு ஊழியர் ஒருவர் ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேல் மதிப்புள்ள அன்பளிப்பு வாங்கக் கூடாது, ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 50 டாலர்தான் உச்சம். 20 டாலர் என்பது ஏழரை தினார். ஆசியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்களுக்குச் சப்ளை செய்த மலேசியக்காரர் லெனார்ட் பிரான்சிஸ் அதிகாரிகளுக்கு விருந்தும் பணமும் கொடுத்த வழக்கில் 2013-ல் கைதாகி, 2024-ல் 15 வருடத் தண்டனை பெற்றார். அது மலை, நம்முடையது மடு. ஆனால் அதற்குப் பிறகு இலவசம் என்றாலே அவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. தள்ளுபடி கொடுக்க ஆசை என்றால் எல்லோருக்கும் ஒரே விலையாகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

மூன்றாவது, அணி எப்போது கிளம்புகிறது. தேதியைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, அதைத் துருவிக் கேட்காதீர்கள். 'எந்த வாரத்துக்குள் வேண்டும்' என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொன்னதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அணிப் பேட்ச்சில் அந்த அணியின் பேர் இருக்கும், அவர்கள் போய்விட்டால் அதை அடுத்தவர் வாங்க மாட்டார். சரக்கைப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் விற்கக்கூடியதைக் கடைசியில் கொடுங்கள். என் புரோக்கர் காசாகிறதை முதலில் எடுத்துக்கொண்டு, ஆகாததை என் அலமாரியில் விட்டுப் போனார்.

மிஞ்சிய நீலச் சின்னங்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கலாமா என்று கொஞ்ச நாள் பார்த்தேன். அவர்கள் கேட்பது கப்பலில் போட்டுத் தேய்ந்த உண்மையான உடுப்பை, புதிதாகத் தைத்த பட்டைக்கு அங்கே மதிப்பில்லை. அதோடு ராணுவப் பதக்கங்களையும் பேட்ஜ்களையும் அனுமதி இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். பட்டைகளை அழித்துவிடச் சொல்லி அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கத்தரியால் எழுத்து எழுத்தாக வெட்டினோம். வெட்டியதில் கொஞ்சத்தைக் கடைக்குப் பின்னால் தகர டப்பாவில் கொளுத்தியபோது துணி உருகிச் சொட்டி டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டது. 2012 சோதனையில் என்ன பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அழிக்கச் சொன்னதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர்ப்பட்டை ஆர்டர் எடுக்கிற யாருக்கும் இது பொருந்தும். நம் கையில் வருவது ஓர் அணியின் முழுப் பெயர்ப்பட்டியல், யார் என்ன பதவி என்பதோடு. அந்தப் பழைய பட்டியல் புரோக்கர் கைக்கு எப்படிப் போனது? ஏதோ ஒரு கடையில் வேலை முடிந்த பிறகும் யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும். அதனால் முடித்த பட்டைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போடாதீர்கள். பட்டியலைத் தாளில் வாங்கினால் டெலிவரி அன்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வாங்கினால் இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள். பென் டிரைவிலும் எம்பிராய்டரி மெஷினின் மெமரியிலும் ஒவ்வொரு பேரும் ஒரு ஃபைலாகக் கிடக்கும், அதையும் பஞ்சிங் பையனிடம் சொல்லி அன்றே துடைத்துவிடுங்கள்.